ஆண்டிபட்டி வரைக்கும்

நான் என் பெரியப்பாவை ஒருமுறை சாகடித்திருக்கிறேன். ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்கு. அதற்குப் பிறகு அவர் ஏழு வருடம் நன்றாகவே இருந்தார். தினமும் இரண்டு வேளை நடந்தார். என் கல்யாணத்துக்கு வந்து, சாம்பாரை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனாலும் எங்கள் ஊரில் என் பேச்சு வந்தால், "எந்த ரெஜினா? பெரியப்பனைக் கொன்னாளே, அந்தப் பிள்ளையா?" என்றுதான் கேட்பார்கள். (எனக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். நான் இன்னும் 'அந்தப் பிள்ளை'தான்.)

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. தேனியில் ஒரு இறுதிச் சடங்கு சேவை ஆபீஸில் வேலை பார்த்தேன். ஐஸ் பெட்டி, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுவோம். கூடவே கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸும் போஸ்டரும் உண்டு. அது என் இலாகா. இறந்தவர் முகத்தைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் மேகம் போட்டு, ஓரத்தில் மெழுகுவத்தியோ குத்துவிளக்கோ ஏற்றி, கீழே அழுகிறவர்கள் படத்தை வரிசையாக அடுக்குவேன். இறந்தவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அழுகிறவர்கள்தான், "என் போட்டோ ஏன் மச்சான் போட்டோவ விடச் சின்னதா இருக்கு?" என்று சண்டைக்கு வருவார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா என் வேலையை 'டிசைனிங் கம்பெனி' என்று சொல்லிவைத்திருந்தார். என்ன டிசைன் என்று கேட்டவர்கள் மறுபடி வரவில்லை.

எங்கள் ஆபீஸுக்கு நேர் மேலே, மாடியில், ஒரு திருமணத் தகவல் மையம் குடிவந்தது. அதில் பிடித்தது சனி. ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியேற வருகிறவர்கள், முதலில் எங்கள் வாசலில் சாத்தி வைத்திருக்கும் ஐஸ் பெட்டிகளைத்தான் பார்க்க வேண்டும். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேர் மேலே போய் வரன் பார்த்துவிட்டு, இறங்கும்போது எங்கள் நம்பரையும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரே மாதத்தில் கட்டடக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். முதலாளி ராசு, கம்பத்தில் ஒரு குடோனைப் பிடித்தார்.

"ஆடி பொறக்கிறதுக்குள்ள மாறிரணும் ரெஜினா. ஆடில பால் காச்சுனா அந்த எடம் வெளங்காது" என்றார்.

"நம்ம தொழிலுக்கு எல்லா மாசமும் ஒண்ணுதானே சார்?"

"சாவுக்கு நேரங்காலம் கெடையாதும்மா. ஆபீசுக்கு உண்டு."

ஆனி மாதக் கடைசிப் புதனைக் குறித்தார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். அன்று ஒன்பது மணி வரைக்கும் எமகண்டம், பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். நடுவில் கிடைக்கிற மூன்று மணி நேரத்தில் என் கம்ப்யூட்டரும், மீதி இரண்டு ஐஸ் பெட்டிகளும் கம்பம் போய்ச் சேர வேண்டும். நாற்காலி, சாமியானா எல்லாம் முதல் நாளே போய்விட்டன. முதலாளியும் பால் பாத்திரத்தோடு முன்னாலேயே போய்விட்டார். தேனியில் மிஞ்சியது நானும், குட்டியானை வண்டி ஓட்டும் பாண்டி அண்ணனும்தான்.

இன்னொன்றும் மிஞ்சியிருந்தது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

என் பெரியப்பா சவரிமுத்து வாத்தியார். கணக்கு வாத்தியார். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலைக்கான பஸ் என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அவர்தான். அவருக்கு ஒரே மகன், பீட்டர் அண்ணன். மதுரையில் பெரிய ஆபீஸில் பெரிய உத்தியோகம். அந்த ஆபீஸுக்கு எப்போதும் ஏதாவது ஒரு அவசரம் இருக்கும்.

அதற்கு முந்தைய கார்த்திகையில் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். நான் பீட்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு இங்க ஆடிட்டு ஓடிக்கிட்டு இருக்கு ரெஜினா. நீ எல்லாத்தையும் ரெடியா வச்சுக்க. ப்ளெக்ஸும் அடிச்சு வச்சிரு, உன் ஆபீஸ்தானே. நான் வந்து எறங்கிட்டு அதுக்கு ஒரு பக்கம் அலைய முடியாது" என்றார்.

நானும் அடித்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எடுத்த படத்தைப் போட்டு, சிலுவையும் புறாவும் வைத்து, ஊர் முக்கில் கட்டுகிற சைஸில், தேதி மட்டும் காலியாக விட்டு. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல டிசைன் அது. (அழுகிறவர்கள் வரிசையில் என் படத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தேன். தொழில் புத்தி.)

மூன்றாம் நாள் காலையில் பெரியப்பா கண்ணைத் திறந்து, "இட்லி இருக்கா?" என்று கேட்டார்.

அத்தோடு பிழைத்துக்கொண்டார். பீட்டர் அண்ணனிடம் சொன்னேன். "தோத்திரம். அப்ப கிறிஸ்மஸுக்கு வாறேன்" என்றார். வரவில்லை.

ப்ளெக்ஸ் என்னிடம் இருந்தது. உயிரோடு இருக்கிறவர் முகத்தைக் கிழிக்க முடியுமா? கொளுத்துவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. குப்பையில் போட்டால் யாராவது எடுத்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் ப்ளெக்ஸுக்கு மட்டும் மரணமே கிடையாது. வைக்கோல் போர், கோழிக்கூடு, குளியலறை என்று ஊர் முழுக்கத் தலைவர்களும் தாய்மாமன்களும் மழைக்கு நனைந்துகொண்டு சிரிப்பார்கள். பெரியப்பா அப்படி எங்கேயாவது தன்னைப் பார்த்துவிட்டால்? பெற்ற மகன் முன்கூட்டியே அடிக்கச் சொன்னான், வளர்த்த பிள்ளை உடனே அடித்துக் கொடுத்தாள் என்பது அவருக்குத் தெரியவே கூடாது. எனக்கு அந்த ஒரு பயம்தான். அதனால், எப்போதாவது வருகிற மஞ்சள் நீராட்டு ஆர்டரில், தாய்மாமன் படம் விட்டுப்போனதால் திரும்பி வந்த ஒரு பெரிய சடங்கு ப்ளெக்ஸுக்குள் அதை வைத்து இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, மூலையில் சாத்தினேன். எட்டு மாதத்தில் அதை மறந்தும் போனேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். ஐஸ் பெட்டியை வெறும் பெட்டியாக வண்டியில் ஏற்றக் கூடாது. வெறும் பெட்டி ஆள் தேடுமாம். ஒரு எலுமிச்சம்பழமாவது உள்ளே கிடக்க வேண்டும். எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடி மூடி, உள்ளே மெத்தை, ஆடாமல் அசங்காமல் போகும். மானிட்டரைத் தலைமாட்டில் வைத்தேன். சிபியூவை நடுவில் படுக்கப் போட்டேன். பிரிண்டரைக் கால்மாட்டில் வைத்தேன். தூசி படாமல் இருக்க எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புது வெள்ளை வேட்டியால் சுற்றி, மூன்று இடத்தில் நாடா போட்டுக் கட்டினேன். என் ஹேண்ட்பேக்கையும், போன் உள்பட, பத்திரமாக அதற்குள்ளேயே வைத்து மூடினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பாண்டி அண்ணன் பார்த்துவிட்டு, "என்னத்தா, நெசமாவே ஆள் படுத்திருக்காப்ல இருக்கு" என்றார்.

"ஒடையாமப் போகணும்ல அண்ணே."

பெட்டிகளை ஏற்றிய பிறகு சாரல் பிடித்தது. ஆனி மாதத்தில் கேரளாவில் பெய்கிற மழை எங்களுக்கு மலை தாண்டி எட்டிப் பார்க்கும், கூடவே ஆளைத் தள்ளுகிற காற்றும் வரும். பாண்டி அண்ணன் மூட ஏதாவது கேட்டார். நான் உள்ளே போனேன். மூலையில் ஒரு சுருள் இருந்தது. வெளியே மஞ்சள் பட்டுப்பாவாடை தெரிந்தது. சரி, சடங்கு ப்ளெக்ஸ், யாருக்கும் வேண்டாதது. எடுத்து வந்து கொடுத்தேன்.

"ரெட்டையா இருக்கு போல" என்றார் அவர், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

"ரெட்டைன்னா இன்னும் நல்லதுதானண்ணே. மழைக்கு நல்லாத் தாங்கும்."

இது என் வாயால் நான் சொன்னது. அடுத்த ஏழு வருடமும் தூக்கம் வராதபோதெல்லாம் இந்த வாக்கியத்தை நான் நினைத்துக்கொண்டதுண்டு. இரண்டையும் சேர்த்தே வண்டி மேல் போட்டு, டிரைவர் பக்கம் தொங்கவிட்டு, ஓட்டைகளில் கயிறு விட்டு இழுத்துக் கட்டினோம். வெளியே மஞ்சள் பாவாடைச் சிறுமி. உள்ளே பெரியப்பா.

வீரபாண்டி தாண்டியதும் பின்னால் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய ப்ளெக்ஸ், காற்றுக்கு வசமாக மாட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. "நின்னுருச்சு" என்றேன் நான். "நின்னுருச்சு" என்றார் பாண்டி அண்ணன். இரண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து வந்தோம்.

சின்னமனூரில் டீக்கு நிறுத்தினோம். பாண்டி அண்ணன் சீட்டை விட்டு இறங்காமலே டீயை வாங்கிக்கொண்டார். நான் இறங்கியது என் பக்கம், அதாவது ப்ளெக்ஸ் இல்லாத பக்கம். பின்பக்கம் திறந்தே இருந்ததால் கண்ணாடிப் பெட்டியும் வெள்ளை வேட்டியும் நன்றாகத் தெரிந்தன. டீக்கடை பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். நம் கம்பெனிக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்தபடி நான் ஒரு பருப்பு வடை கேட்டேன். பிறகு இன்னொன்று. பெட்டிக்குள் என் போன் அடித்தது. பெஞ்சில் மிச்சம் இருந்தவரும் எழுந்துவிட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் லாரன்ஸ் மாமா, தக்காளி ஏற்றிவந்த வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வைக்குத்தான் ப்ளெக்ஸ். பெரியப்பா மாதாமாதம் ஒரு புதன்கிழமை தேனிக்கு மாத்திரை வாங்கப் போவார் என்பது ஊருக்கே தெரியும். தேனிக்குப் போன வாத்தியார், தேனியிலிருந்து இப்படி வருகிறார். லாரன்ஸ் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வரத்தான் இருந்தாராம். நான் இரண்டாவது வடையைச் சட்னியில் தொட்டதைப் பார்த்ததும் மனம் விட்டுப்போய், அப்படியே நின்று ஊருக்கும் மதுரைக்கும் போன் போட்டிருக்கிறார். "பெரியப்பன் பொணத்தை வண்டில வச்சுக்கிட்டு வடை திங்கிறா" என்பது அவர் அனுப்பிய செய்தியின் பின்பாதி. முன்பாதியை ஊர் மன்னித்துவிட்டது. வடையை இன்று வரை மன்னிக்கவில்லை.

எங்கள் ஊர் மாதா கோயிலில் யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பார்கள். ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் லாரன்ஸ் மாமாவின் போனை வைத்ததும் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

பெரியப்பா அன்றைக்குத் தேனிக்குப் போகவில்லை. சாரல் அடிக்கிறது, நாளைக்குப் போகலாம் என்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மணி கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சிலுவை போட்டு, இறந்தவர் ஆத்துமத்துக்காக ஒரு ஜெபம் சொல்லியிருக்கிறார். தனக்கான துக்க ஜெபத்தைத் தானே சொல்லி முடித்த மனிதர் எங்கள் பங்கில் அவர் ஒருவர்தான். பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "யாருன்னு கேட்டுட்டு, துட்டி வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாறேன்" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். அவர் இந்தத் தெரு வழியாகப் போக, ஊர்ப் பெண்கள் அந்தத் தெரு வழியாக வந்து பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். பெரியம்மா என்ன நினைப்பார்? பத்து நிமிடத்துக்கு முன்னால் கிளம்பிய மனுசன் ரோட்டில் விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தார். அவரும் அழ ஆரம்பித்தார்.

மணிக்கூண்டுக்கு அடியில் பெரியப்பா போய் நின்று, "யாருக்குய்யா மணி?" என்று கேட்டாராம். உபதேசியார் திரும்பிப் பார்த்து, கயிற்றை விட்டுவிட்டு, "உங்களுக்குத்தான் வாத்தியாரே" என்றாராம்.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் வந்துகொண்டிருந்தோம். உத்தமபாளையத்துக்கு முன்னால், எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில், ஏழெட்டு பைக் வழியை மறித்து நின்றன. எல்லாம் தெரிந்த முகம். எல்லாக் கண்ணும் சிவந்திருந்தது. நான் இறங்கினேன்.

"பெரியப்பா போயிட்டாகளே ரெஜினா" என்று என் சித்தப்பா மகன் என் தோளில் சாய்ந்தான்.

அந்த நிமிடத்தில் எனக்கு உலகமே நின்றுபோனது. போன் பெட்டிக்குள் ஏன் அத்தனை தடவை அடித்தது என்று புரிந்த மாதிரி இருந்தது. எனக்குச் சொல்லத்தான் எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள். நானோ வடை தின்றுகொண்டிருந்தேன். நடுரோட்டில் உட்கார்ந்து, "எப்படா? எப்பப் போனாக?" என்று கதறினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறவளே எப்போது என்று கேட்கிறாளே. பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று என்னைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். பாண்டி அண்ணனும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் என் பெரியப்பாவைப் பார்த்ததே இல்லை.

ஊருக்குள் வண்டி திரும்பும்போது, நல்லவேளை, பெட்டி கையோடவே இருக்கிறது, கம்ப்யூட்டரை எடுத்துவிட்டால் பெரியப்பாவை உடனே வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அழுதுகொண்டே அப்படி யோசித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டு வாசலில் கூட்டம். நான் இறங்கி ஓடிப்போய்ப் பெரியம்மா மடியில் விழுந்தேன். "எங்கன விழுந்தாகளோ ஆத்தா, யாரு தூக்குனாகளோ" என்று அவர் அழ, "கடைசியா ஒரு வார்த்தை பேசலையே பெரியம்மா" என்று நான் அழ, ரொம்ப நேரம் கழித்துத்தான் எங்கள் இரண்டு பேர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை என்று தெரிந்தது. தலையைத் தூக்கினேன். எல்லாரும் வண்டியின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

பெரியப்பா வெள்ளைச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி ப்ளெக்ஸை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பாவாடைச் சிறுமி எங்கேயோ வீரபாண்டி வயலில் போய் விழுந்துவிட்டாள். மேகம், புறா, சிலுவை, ஆண்டுவிழாச் சிரிப்பு, கீழே பெரிதாக என் முகம். எல்லாம் சாரலில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தன.

"தேதியக் காணோமே" என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"எப்ப அடிச்ச ஆத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நான் நூறு பொய் யோசித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. "கார்த்திகையில, பெரியப்பா."

"யாரு சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "காதைக் கொஞ்சம் சின்னதாக்கி இருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் பெட்டிக்குள் யார் என்று பார்க்க ஊரே முண்டியடித்தது. பாண்டி அண்ணன் மூடியைத் திறந்து, நாடாவை அவிழ்த்து, வேட்டியை விலக்கினார். முன்வரிசையில் நின்ற ஒரு அத்தை அவசரத்தில் சிபியூவுக்கே சிலுவை போட்டுவிட்டார். ஊர் ஒரு நிமிடம் திகைத்து, அப்புறம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் மாதா கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. நான் சிரிக்கவில்லை. என் போனில் முப்பது தவறிய அழைப்புகள் இருந்தன. பாதி முதலாளி. (பால் பொங்கி வழிந்து அடுப்பும் அணைந்து, ராகு காலமும் வந்துவிட்டது.)

லாரன்ஸ் மாமா பீட்டர் அண்ணனுக்கும் சொல்லியிருந்தாரே, அது ஊருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணன் கார் எடுத்து வந்துகொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெரியப்பா முகம் அதைக் கேட்டதும் மாறிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ப்ளெக்ஸையே மறந்துவிட்டார்.

"வாறானா? கெளம்பிட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டார். பெரியம்மாவிடம், "ஒல போடு. கோழி ஒண்ணு பிடி. காலைலயே கெளம்பியிருப்பான், ஒண்ணும் தின்னுருக்க மாட்டான்" என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "நான் உசுரோட இருக்கேன்னு யாரும் அவனுக்குச் சொல்லாதீக. வந்து பாக்கட்டும்" என்றார். சின்னப் பையன் மாதிரி ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது அதில். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, சட்டையை நீவிவிட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

இந்த இடத்தில்தான் நான் நல்லவளாக இருந்து தொலைத்தேன்.

அப்பா செத்துப்போனதாக நினைத்து அழுதுகொண்டே கார் ஓட்டிவருகிறவர். மலைப்பாதை, கணவாய், எதிரே லாரி. இன்றைக்கு ஏற்கெனவே ஒருவரைக் கொன்றாகிவிட்டது. இரண்டாவது பழி வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் போய்ப் போன் போட்டேன்.

"அழுகாதீகண்ணே. பெரியப்பா நல்லா இருக்காக. எல்லாம் என் தப்பு" என்று நடந்ததைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"நெசமாவா?"

"கர்த்தர் சத்தியமா. இப்ப எங்கன வாறீக?"

"ஆண்டிபட்டில நிக்கேன். டீ குடிக்கேன்."

"மெதுவா வாங்கண்ணே. கோழி அடிச்சிருக்காக. உங்களைப் பாக்கணும்னு வாசல்லயே உக்காந்திருக்காக."

"இல்ல ரெஜினா" என்றார். "ஒண்ணும் இல்லேல்ல? அப்ப இப்படியே திரும்பிர்றேன். மூணு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு, அதையாவது பிடிச்சிரலாம். அப்பாட்ட சொல்லிரு, கிறிஸ்மஸுக்கு வாறேன்."

வைத்துவிட்டார். நான் கிணற்றடியில் நின்றேன். கோழிக்குழம்பு வாசனை வந்தது. முன்வாசலுக்குப் போகக் கால் வரவில்லை. இரண்டு மணி வரைக்கும் போகவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கடைசியில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கன வரைக்கும் வந்தானாம்?"

"ஆண்டிபட்டி வரைக்கும்."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "பாதிக்கு மேல வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினார். நான் அன்றைக்கு அவரைக் கொன்றேன் என்று ஊர் சொல்வது ப்ளெக்ஸை வைத்துத்தான். எனக்குத் தெரிந்து அது இந்தப் போனை வைத்துத்தான்.

மறுநாள் காலையில் பெரியம்மா அவருக்குக் காபி கொடுத்தார். அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ஆண்டிபட்டி வரைக்கும்தான் ஊத்தியிருக்க?" என்றார். பெரியம்மா சிரித்தார். அத்தோடு அது எங்கள் குடும்பச் சொல்லாகிவிட்டது. பாதியில் நின்ற வீட்டு வேலை, பாதி படித்த படிப்பு, பேசி முடிக்காத கல்யாணம், எல்லாமே எங்கள் வீட்டில் ஆண்டிபட்டிதான். என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே இதற்கு அர்த்தம் தெரியும். அவர் பெண் பார்க்க வந்து, வேலையைக் கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வந்தவர். ப்ளெக்ஸைப் பெரியப்பா என்னிடம் தரவில்லை. விறகு அடுக்கின் மேல் தன் முகம் தெரிகிற மாதிரியே விரித்துப் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்தார். "மழைக்கு நல்லாத் தாங்குது ஆத்தா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார்.

பீட்டர் அண்ணன் அந்தக் கிறிஸ்மஸுக்கும் வரவில்லை.

ஏழு வருடம் கழித்துப் பெரியப்பா தூக்கத்திலேயே இறந்துபோனார். அண்ணனுக்கு நான்தான் போன் போட்டேன். "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார். பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றேன். "கையத் தொட்டுப் பாத்தியா?" என்றார். தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். ப்ளெக்ஸ் வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அவுகளுக்கு ஏற்கெனவே வச்சாச்சு என்றார். நான் பெட்டியைத் துடைத்து, எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு, அவரைப் படுக்க வைக்க உதவி செய்தேன்.

மதியம் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நடுவீட்டில் பெட்டி. தலைமாட்டில் பெரியம்மா. அவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வந்துட்டியாய்யா? ஆண்டிபட்டியத் தாண்டிட்டியா?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும் என்று ஊர் சொல்கிறது. துக்க வீடு முழுக்கச் சிரித்தது. லாரன்ஸ் மாமா சிரித்தார், உபதேசியார் கயிற்றுக் காய்ப்பு இருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பீட்டர் அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். அப்புறம் ரொம்ப நேரம் அவர் நிமிரவில்லை.